என் மகள் சுற்றிக்காட்டிய ஊர்

என் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது, டெக்சாஸில் நாங்கள் குடியிருக்கும் கேட்டியில் ஒரு இந்திய மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. முன்பு எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு பெண்மணி விடுமுறைக்குப் போர்ச்சுகல் போய்த் திரும்பியிருந்தார். தள்ளுவண்டியை என் பக்கத்தில் நிறுத்திக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க பொண்ணப் பாத்தேங்க. கோட்டைச் சுவத்துக்குள்ள இருக்கற சின்ன ஊரு. கையில மஞ்சக் குடை ஒண்ணு வெச்சுக்கிட்டு டூரிஸ்ட்டுங்கள கூட்டிட்டுப் போயிட்டிருந்தா. நல்லா பேசறா. கூப்பிடலாம்னு பாத்தேன். அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டேன்."

ஏன் விட்டார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது கேட்டியில் இருக்கும் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவள் லிஸ்பனில் இருந்துகொண்டு ஏதோ ஓர் அமெரிக்கக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். அவள் சொன்னது அதுதான். ஃபோனில் அதிகம் பேச மாட்டாள். சாப்பிட்டேன், வேலை இருக்கிறது, ஐ ஆம் ஃபைன் அம்மா, பை. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். பைப்லைன் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதைச் சொன்னாலும் உடனே பதில் வராது. எழுந்துபோய்க் கம்ப்யூட்டரில் தேடினார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். திரையில் அவள் படம் இருந்தது. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கீழே யார் யாரோ அவளைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அவர் இரண்டு முறை படித்தார்.

"டிக்கெட் போட்டுடட்டுமா?" என்றார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாங்க."

"சொன்னா வராதீங்கம்பா."

அது உண்மைதான்.

நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகள் மூத்தவள். அவளுக்கு ஐந்து வயது இளையவன் மகன். அவன் ஹைஸ்கூலில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். அவள் காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு எங்களோடு இருந்தாள். ஒரு சனிக்கிழமை மதியம் அவனுக்கு ஷூ வாங்க இருவரும் போனார்கள். அவள்தான் ஓட்டினாள். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஃப்ரீவேயில் முன்னால் போன ட்ரக் சறுக்கிக் குறுக்கே திரும்பியது. கார் அதன் அடியில் போய்ச் செருகிக்கொண்டது, அவன் உட்கார்ந்திருந்த பக்கமாக. அவளுக்கு இடது தோளில் காறை எலும்பு முறிந்தது. அவனை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு டாக்டர் எங்களுக்காக வராந்தாவிலேயே காத்துக்கொண்டிருந்தார். டாக்டர் வெளியே வந்து காத்திருக்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள்மேல் தப்பில்லை என்று போலீஸ் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம், இன்றும் நம்புகிறோம். என் கணவர் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டவில்லை என்பதோடு, அந்த மதியத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. காரியமெல்லாம் முடிந்தபின் அவளை ஃபிசியோதெரபிக்கு அவரேதான் கூட்டிப்போவார். அங்கேயே உட்கார்ந்திருந்து அவரேதான் கூட்டிவருவார். போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை. கை சரியானதும், போர்ச்சுகலில் ஒரு சிநேகிதி இருக்கிறாள், மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினாள். அது ஆயிற்று நான்கு வருடம்.

நவம்பரில் போனோம். லிஸ்பனிலிருந்து பஸ். ஊரைச் சுற்றி மதில். உள்ளே வெள்ளையடித்த வீடுகள், ஒவ்வொன்றின் அடியிலும் மஞ்சளிலோ நீலத்திலோ ஒரு பட்டை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க அரை மணி நேரம்கூட ஆகாது. தெருவெல்லாம் சின்னச் சின்னக் கல் பாவியிருந்தார்கள். தூறல் போட்டு வழுக்கியது.

மதில் வாசலுக்கு உட்புறம் அவள் குடையோடு நின்றிருந்தாள். எங்களுக்கு முன்பே ஓர் அமெரிக்கத் தம்பதி வந்திருந்தார்கள். எழுபது வயதிருக்கும், ஒஹையோக்காரர்கள். இரண்டு ஜெர்மன் பெண்களும் இருந்தார்கள். அவள் ஃபோனைப் பார்த்துப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் வெறும் இனிஷியலைப் போட்டுத்தான் பதிவு செய்திருந்தார். இன்னும் இரண்டு பேர் யார் என்று பார்க்க அவள் தலையை நிமிர்த்தினாள்.

முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குடை பிடித்திருந்த கை மட்டும் மெல்ல இறங்கியது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் அட்லாண்டிக் முழுக்க நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். கால் எழவில்லை. அவளே எங்கள் பக்கம் வந்தாள்.

"இப்ப வேணாம்," என்றாள். "டூர் முடியட்டும். ப்ளீஸ்."

கேட்டியில் இருந்தவரை அவள் எங்களிடம் தமிழில் பதில் சொன்னதே கிடையாது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் சொல்வாள். அவனும் அப்படித்தான். தமிழில் பேசிவிட்டாளே என்று எனக்கு ஒரு கணம் பூரித்துப்போனது. மற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்பதற்காகத்தான் தமிழ் என்று அடுத்த கணம் புரிந்தது.

பிறகு அவள் கூட்டத்தின் முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் சொல்வதுபோல எங்களுக்கும் சேர்த்து நல்வரவு சொன்னாள். வாசலின் உள்சுவரில் பதித்திருந்த நீல ஓடுகளைக் காட்டினாள். முற்றுகையின்போது தப்பித்ததற்கு நன்றியாக ஊரார் வேண்டிக்கொண்டு செய்தது என்றாள். சந்தை நாளில் இந்த வாசலில் வண்டிகள் சிக்கிக்கொண்டு கிடக்குமாம். அதைச் சொல்லும்போது எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாள் என்று எழுதியிருந்தது பொய்யில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு சதுக்கம். நடுவில் ஆளுயரத்துக்குமேல் ஒரு கல்தூண். குற்றம் செய்தவர்களை அந்தக் காலத்தில் அதில் கட்டிவைத்து ஊர் பார்க்க அடிப்பார்களாம். சுற்றிலும் ஆரஞ்சு மரங்கள், காய்த்துத் தொங்கின. பறிக்க ஆளில்லை. ஏன் என்று ஒரு ஜெர்மன் பெண் கேட்டாள். "கசக்கும்," என்றாள் என் மகள். "இருந்தும் எல்லாரும் ஒரு தடவை தின்னு பாக்கத்தான் செய்வாங்க. நானும் பாத்தேன்." இதை இங்கிலீஷில்தான் சொன்னாள். ஆனால் அவள் எப்போது தின்றுபார்த்தாள், யார் கூட இருந்தார்கள், இந்த ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்பதிலேயே என் மனம் நின்றுவிட்டது.

என் கணவர் கடைசியில் நடந்து வந்தார். அவர் தூணையும் பார்க்கவில்லை, நீல ஓடுகளையும் பார்க்கவில்லை. அவள் இடது தோளையே பார்த்துக்கொண்டு வந்தார். குடையை அவள் வலது கையில்தான் பிடித்திருந்தாள்.

ஒஹையோ அம்மாள் என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார். பேச்சுக்காரர். நீங்கள் எங்கிருந்து என்று கேட்டார்.

"டெக்சாஸ்," என்றேன்.

"அட! நம்ம கைடும் டெக்சாஸ்தானே? அப்படித்தானே சொன்னாள்?" என்று முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தார். "இவங்களும் டெக்சாஸாம்!"

என் மகள் திரும்பிப் புன்னகைத்தாள். "டெக்சாஸ் ரொம்பப் பெரிசு," என்று சொல்லிவிட்டு மேலே நடந்தாள்.

அடுத்தது ஒரு பழைய தேவாலயம். அதை ஒட்டி, ஏழைகளுக்காக அந்தக் காலத்தில் நடத்திய ஆஸ்பத்திரி. அதன் தெருச் சுவரில் ஜன்னல் அளவுக்கு ஒரு குழி இருந்தது. குழிக்குள் பீப்பாய் மாதிரி மரத்தால் செய்த ஒன்று. கையால் தள்ளினால் சுழலும். வளர்க்க முடியாத குழந்தையைத் தாய் வெளியிலிருந்து அதற்குள் வைத்துச் சுழற்றிவிட்டு மணியை அடிப்பாளாம். உள்ளே இருப்பவர்கள் குழந்தையை எடுத்துக்கொள்வார்கள். யார் வைத்தது என்று பார்க்கவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். நம்மூர் அரசு ஆஸ்பத்திரி வாசலில் வைத்திருந்த தொட்டில் எனக்கு ஞாபகம் வந்தது. இந்த ஊரில் சில தாய்மார்கள் ஒரு ரிப்பனை இரண்டாக வெட்டிப் பாதியைக் குழந்தையோடு வைத்துவிட்டு மீதியைத் தாங்கள் வைத்துக்கொள்வார்கள், என்றாவது திரும்பி வந்தால் அடையாளத்துக்கு. பெரும்பாலும் யாரும் திரும்பி வந்ததில்லை என்று என் மகள் சொன்னாள். தினம் இரண்டு முறை சொல்கிற கதை, குரல் எங்கும் தடுக்கவில்லை.

ஒஹையோ அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே என்னிடம், "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்றார்.

இந்தக் கேள்வி நான்கு வருடமாக என்னைத் துரத்துகிறது. டென்டிஸ்ட் கேட்பார், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். நான் ஆளுக்குத் தகுந்தாற்போல ஏதாவது சொல்லிவைப்பேன். என் கணவர் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார். அன்றைக்கு நான் வாயைத் திறப்பதற்கு முன் அவர் பதில் சொன்னார்.

"இரண்டு."

"ஓ, நல்லது. என்ன செய்கிறார்கள்?"

"மகன் இறந்துவிட்டான்," என்றார் என் கணவர், இங்கிலீஷில், நிதானமாக. "மகள் டூர் கைடாக இருக்கிறாள்."

அவர் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்ஷூரன்ஸ்காரர்களிடம்கூட என்னைத்தான் பேசச் சொன்னார்.

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு முன்னால் குடையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு விட்டார். என் மகள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. கடைசியில் திரும்பாமலே, "இங்கேர்ந்து படி ஆரம்பிக்குது. வழுக்கும், பாத்து வாங்க," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினாள்.

படி ஏறினால் கோட்டை. அதோடு டூர் முடிகிறது. மேலே நின்று பார்த்தால் மதிலுக்கு வெளியே ஆலிவ் தோட்டங்கள், அதற்கு அப்பால் மழை. அவள் கோட்டையைப் பற்றி ஏதோ சொன்னாள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. மற்றவர்கள் அவளுக்குக் கைகொடுத்து விடைபெற்றார்கள். ஒஹையோ அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு போனார். நான் செய்ய வேண்டியதை யாரோ செய்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

"மதியம் இன்னொரு டூர் இருக்கு," என்றாள் எங்களிடம். "ஒரு மணி நேரம் இருக்கு. காபி?"

கோட்டைக்குக் கீழே ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரரோடு போர்ச்சுகீஸில் பேசினாள். சின்னக் கோப்பையில் கசந்த காபி வந்தது. நான் கொண்டுவந்திருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்தேன். எடுத்தபிறகு அபத்தமாகப்பட்டது. மேஜையில் வைத்தேன். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல, இந்த வேலைன்னு?"

"சொன்னா, இதுக்கா படிச்சேன்னு கேப்பீங்க."

"கேக்க மாட்டோம்."

"கேப்பீங்கம்மா."

என் கணவர் கோப்பையைத் தொடவே இல்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு அவன் என்ன பேசிட்டிருந்தான்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

"கார்லயா?"

"ம்."

அவள் இங்கிலீஷுக்கு மாறினாள். புது ஷூவை அவன் கடையிலேயே போட்டுக்கொண்டான். காரில் காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தான். காலைக் கீழே போடு என்று அவள் திட்டினாள். போட்டான். பிறகு பபுள் டீ வேண்டும் என்றான். வழியில்தான் கடை, அடுத்த எக்ஸிட்டில் இறங்க வேண்டும். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம், நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்றாள். அவன் கோபித்துக்கொண்டு பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். அவள் குறைத்தாள். அவன் மறுபடி கூட்டினான். அவ்வளவுதான்.

"அவ்வளவுதான் அப்பா," என்றாள் தமிழில். "வேற ஒண்ணும் பேசல. சண்டைதான் போட்டோம்."

என் கணவர் தலையை ஆட்டினார். "நாலு வருஷமா இதைத் தெரிஞ்சுக்கணும்னுதான் இருந்தேன்."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ அழுவியேன்னு."

"நான் அழுதுட்டுதான் இருந்தேன், அப்பா. மாடிலதான் இருந்தேன்."

பக்கத்து மேஜையில் யாரோ செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. நான் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

"வீட்டுக்கு வந்துடு கண்ணு. அங்கயே ஏதாவது வேலை பாத்துக்கலாம்."

"முடியாதும்மா."

"ஏன்? நாங்க என்ன பண்ணினோம்?"

"ஒண்ணும் பண்ணல." விரலால் முறுக்குப் பொட்டலத்தின் ஓரத்தை மடித்தாள், நிமிர்த்தினாள். "கராஜ் கதவு வழியா நான் உள்ள வரும்போது, யூ லுக் பிஹைண்ட் மீ. ரெண்டு பேரும். எவ்ரி டைம். என் பின்னாடி யாராவது வராங்களான்னு பாப்பீங்க. அப்புறம்தான் என்னைப் பாப்பீங்க."

இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்த வீட்டில் எப்போதும் அவள் முதலில் நுழைவாள், அவன் பையை இழுத்துக்கொண்டு பின்னால் வருவான். பத்துப் பதினைந்து வருடத்துப் பழக்கம் கண்ணுக்கு. நான் என் கணவரைப் பார்த்தேன். அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

"தப்பு சொல்லல," என்றாள். "எனக்கு அங்க நிக்க முடியல. இங்க யாருக்கும் அவனைத் தெரியாது. நான் தனியா வந்தா தனியா வந்ததா மட்டும்தான் தெரியும்."

அவளுக்கு நேரமாகிவிட்டது. எழுந்தாள். குனிந்து என் கன்னத்தில் முத்தமிட்டாள். அவள் சட்டையில் ஏதோ முன்பின் தெரியாத சோப்பின் வாசனை. அப்பாவின் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கைமேல் தன் கையை வைத்தார், அதை அவள் இழுத்துக்கொள்ளும்வரை.

"இன்னொரு தடவை சொல்லாம வராதீங்க," என்றாள். "ப்ளீஸ். இன்னைக்கு எப்படி நின்னேன்னே எனக்குத் தெரியல."

கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதில் வாசல் பக்கம் இறங்கிப்போனாள். குடையை விரிக்கவில்லை, மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகு என் கணவர் கேட்டார்.

"பபுள் டீன்னா என்னது?"

"பால் டீங்க. ஜவ்வரிசி மாதிரி பெரிய பெரிய உருண்டை போட்டிருப்பாங்க."

"அவனுக்குப் பிடிக்குமா?"

"ரொம்ப."

"எனக்குத் தெரியாது," என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லிஸ்பன் வரும்வரை திரும்பவில்லை. அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு, தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசிவரை தொடவில்லை.

ஜனவரியில் அவளே கூப்பிட்டாள். அந்த நாட்டிலேயே தங்கிவிட அப்ளை பண்ணியிருப்பதாகச் சொன்னாள். வீட்டில் ஹீட்டர் உண்டா என்று அப்பா கேட்டார். இங்கே யார் வீட்டிலும் கிடையாது, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குவேன் என்றாள். கோடையில் வரட்டுமா என்று நான் கேட்டேன். "இந்த வருஷம் வேணாம்மா," என்றாள். சரி என்றோம். அடுத்த வருடம் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். முன்னைவிடக் கொஞ்சம் நேரம் பேசுகிறாள். பேச்சோடு பேச்சாகச் சில சமயம் தம்பியைப் பற்றி ஏதாவது சொல்லுவாள். நாங்கள் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்போம். போன வாரம் சொன்னாள்: அவன் ஸ்கூல் பேண்டில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தான் அல்லவா, காலேஜிலும் அதைத்தான் படிக்கப் போவதாக அவளிடம் மட்டும் சொல்லியிருந்தானாம். இன்ஜினீயரிங் வேண்டாம், ஸ்கூலில் பேண்ட் வாத்தியாராகப் போகிறேன், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றானாம்.

ஃபோனை வைத்தபிறகு என் கணவர் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேனா?" என்றார்.

"கத்தியிருப்பீங்க."

"ஆமா," என்றார். "கத்தியிருப்பேன்."